ஒரு ஜில்லாவின் ஜாதகம்

மனிதருக்கு ஜாதகம் கணிப்பது நம் வழக்கம். நிலப்பரப்புக்கு ஜாதகம் கணிப்பார் இல்லை. ஆயினும், யோசித்துப் பார்த்தால், ஒரு ஜில்லாவுக்கும் பிறந்த வருஷம் உண்டு. பெற்று வளர்த்தவர் உண்டு. நல்ல தசையும் பொல்லாத தசையும் உண்டு. முடிவில் மரணமும் உண்டு. வேல்ஸ் தேசத்தின் வடமேற்கு மூலையில் மெரியனெத் என்று ஒரு ஜில்லா இருந்தது. அது பிறந்தது 1284-ஆம் வருஷம். சட்டப் புத்தகத்திலிருந்து அதன் பெயர் நீங்கியது 1974 ஏப்ரல் 1. ஆயுள் 690 வருஷம்.

இந்த 690 வருஷத்தில் முதல் 605 வருஷம் அந்த ஜில்லா முதலில் இங்கிலாந்து அரசரின் உடைமையாகவும், பிறகு நிலச்சுவான்தார்களின் உடைமையாகவும் இருந்தது. எஞ்சிய 85 வருஷமே அது அங்கே வாழ்ந்த ஜனங்களுக்கு உரியதாயிற்று. அந்த 85 வருஷத்திலும், எல்லாவற்றினும் பெரிய சோதனை வந்தபோது, தீர்ப்புச் சொல்லும் உரிமை அதற்கு இல்லாமற் போயிற்று. ஸ்தல சுயாட்சி என்னும் சொல்லின் பொருளை அறிய விரும்புவோருக்கு இந்தச் சிறு ஜில்லாவின் கதையைப் போலத் தெளிவான பாடம் வேறொன்று கிடைப்பது அரிது.

மலையும் மக்களும்

வேல்ஸ் என்பது இங்கிலாந்துக்கு மேற்கே, கடலுக்குள் மூக்கை நீட்டிக் கொண்டிருக்கும் மலை நாடு. அந்தப் பெயரே அந்நாட்டார் தமக்கு இட்டுக்கொண்டதன்று. பழைய ஆங்கிலத்தில் அதற்கு "அந்நியர்" என்று பொருள். தங்கள் சொந்த மண்ணிலேயே அந்நியர் என்று பெயர் பெற்ற அந்த ஜனங்கள் தங்களைக் "கம்ரி" என்று அழைத்துக் கொள்கிறார்கள். "ஒரே நாட்டவர்" என்பது அதன் பொருள். ஒரு பெயர்ச் சொல்லுக்குள்ளேயே ஒரு சரித்திரம் அடங்கிவிட்டது!

அவர்களுடைய பாஷை ஆங்கிலத்தின் கிளை அன்று. ஆங்கிலேயர் அந்தத் தீவுக்கு வருமுன்பே அங்கே பேசப்பட்ட பிரிட்டானிய பாஷையின் நேர் வாரிசு. நம் "ழ" அயலாருடைய நாவுக்கு எவ்வாறு வசப்படுவதில்லையோ, அவ்வாறே வெல்ஷ் பாஷையிலும் ஓர் எழுத்து உண்டு. நாக்கை "ல" சொல்லும் நிலையில் வைத்துக்கொண்டு காற்றை ஊதினால் பிறக்கும் ஒலி அது. அடுத்த வீட்டுக்காரரான ஆங்கிலேயருக்கு இன்னும் அது எளிதில் வருவதில்லை.

மெரியனெத்தின் பரப்பு ஏறக்குறைய 660 சதுர மைல். மேற்கே கார்டிகன் விரிகுடா. தெற்கே 2,900 அடிக்கு மேல் உயர்ந்த காடர் இட்ரிஸ் மலை. கிழக்கே வேல்ஸின் இயற்கை ஏரிகளுள் மிகப் பெரியதான பாலா ஏரியும், அதன் வழியே ஓடிவரும் டீ நதியும். வடக்கே பெஸ்டினியோக் என்னும் ஊரைச் சுற்றிக் கருநீலச் சிலேட்டுப் பாறை. உழுது பயிரிட நல்ல நிலம் குறைவு. ஆடு மேய்க்க மலைச் சரிவு ஏராளம். ஜனத்தொகை மிகுந்திருந்த 1881-லேயே ஏறக்குறைய 52,000 பேர்தாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெல்ஷ் பேசினார்கள். அந்தப் பாஷையன்றி வேறொன்றும் அறியாதவர்களும் பலர்.

வென்றவர் கிழித்த கோடு

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வேல்ஸுக்குச் சொந்த அரசர் இருந்தார். அவர் பெயர் லூவெலின். 1282 டிசம்பர் 11 அன்று அவர் போரில் மாண்டார். அவருடைய தம்பி டாவித் மறு ஆண்டு பிடிபட்டுக் கொல்லப்பட்டார். வென்றவர் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு. நாட்டைப் பிடிப்பது ஒன்று, பிடித்த நாட்டை ஆள்வது மற்றொன்று என்பதை அறிந்தவர் அவர். 1284-இல் ரித்லன் என்னும் ஊரிலிருந்து ஒரு சாஸனம் பிறப்பித்தார். அதன்படி ஆங்கிள்ஸீ, கார்நார்வன், மெரியனெத், பிளிண்ட் என்று நான்கு கவுண்டிகள் தோன்றின.

கவுண்டி என்பதை நாம் ஜில்லா என்று கூறுகிறோம். அதற்குத் தலைவர் ஷெரிப். வரி வசூலிப்பதும், மாதந்தோறும் கவுண்டி நீதிமன்றம் கூட்டுவதும், அரசரின் உத்தரவை நிறைவேற்றுவதும் அவர் கடமை. ஐயத்துக்கிடமான மரணங்களை விசாரிக்கக் கொரோனர். அவர்களுக்குக் கீழே கிராமத் தொகுதிகளுக்குச் சிறு அதிகாரிகள். நான்கில் முதல் மூன்று கவுண்டிகளுக்கும் மேலாகக் கார்நார்வன் கோட்டையில் அரசரின் பிரதிநிதியான நீதிபதி வீற்றிருந்தார். குற்ற வழக்குகளுக்கு ஆங்கிலச் சட்டம். சொத்தைப் புதல்வர் எல்லோருக்கும் பங்கிடுவது போன்ற சில விஷயங்களில் மட்டும் பழைய வெல்ஷ் வழக்கத்துக்கு இடம் விட்டார்கள்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. எட்வர்டின் அதிகாரிகள் வெறும் காகிதத்தில் கோடு கிழிக்கவில்லை. மெய்ரியோன் என்பவர் ஆண்ட நாடு என்பதால் அந்தப் பெயர் வந்தது என்பது கர்ணபரம்பரை. அதை அடுத்து அர்டிட்வி, பென்லின், எடெர்னியன் என்னும் பழைய நாட்டுப் பிரிவுகள் இருந்தன. அவற்றை அப்படியே எடுத்துச் சேர்த்துத்தான் புதிய ஜில்லாவைச் செய்தார்கள். புட்டி புதியது, உள்ளிருந்த சரக்கு பழையது. வென்றவர் வகுத்த எல்லைக்குள்ளேயே ஜனங்களின் பழைய நினைவு குடியிருந்தது. ஆகையால்தான் அந்நியன் இட்ட வேலி நாளடைவில் அவர்களுக்குச் சொந்த வீட்டுச் சுவராகிவிட்டது.

ஆட்சியை நிலைநாட்டக் கடலோரப் பாறைமேல் ஹார்லெக் கோட்டை எழுந்தது. இன்றும் அது நிற்கிறது. படம் பிடிப்பவர்களுக்கு அழகான காட்சி. அதைக் கட்டிய காலத்தில் கீழே குடிசைகளில் வாழ்ந்தவர்களுக்கு அது அழகாகத் தோன்றியிருக்குமா என்பது வேறு விஷயம்.

கோட்டையைப் பிடித்த குடிமகன்

120 வருஷத்துக்குள் அந்தக் கோட்டை கை மாறியது. 1400 செப்டம்பரில், மெரியனெத்தின் கிழக்குக் கோடியில் எடெர்னியன் பகுதியிலுள்ள தம் பண்ணை வீட்டருகே, ஓவைன் க்ளிண்டூர் என்னும் கனவான் தம்மை வேல்ஸின் அரசராகப் பிரகடனம் செய்தார். லண்டனில் சட்டம் பயின்றவர். அரசருடைய சேனையில் போர் புரிந்தவர். நாடு முழுதும் அவர் பின்னால் திரண்டது. 1404-இல் ஹார்லெக் அவர் வசமாயிற்று. அங்கேயே தம் குடும்பத்தை வைத்தார். அங்கே ஒரு பார்லிமெண்டும் கூட்டினார்.

1409-இல் கோட்டை வீழ்ந்தது. அவருடைய மனைவி மக்கள் கைதிகளாயினர். க்ளிண்டூர் மட்டும் மலைகளுக்குள் மறைந்தார். அவரைக் காட்டிக் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. எங்கே இறந்தார், எங்கே அடக்கமானார் என்பது சரித்திரத்துக்கே எட்டாத இரகசியம். அவர் கிளர்ச்சிக்குப் பதிலாக 1402 முதல் வந்த சட்டங்கள் வெல்ஷ்காரர்கள் அரசாங்கப் பதவி வகிப்பதையும் ஆயுதம் தாங்குவதையும் தடுத்தன. சொந்த ஜில்லாவில் அவர்கள் வரி கட்டலாம். அதை ஆளக் கூடாது!

பாஷைக்கு இட்ட பூட்டு

எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் 1536, 1543 ஆகிய வருஷங்களில் நிறைவேறிய சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்துடன் ஒன்றாக்கின. மௌத்வி என்னும் மலைப் பகுதி அப்போதுதான் மெரியனெத்தோடு சேர்ந்தது. கவுண்டிக்குப் பார்லிமெண்டில் ஓர் அங்கத்தினர் கிடைத்தார். மற்ற வெல்ஷ் கவுண்டிகளில் நகரங்களின் சார்பில் இன்னோர் அங்கத்தினரும் உண்டு. மெரியனெத்துக்கு மட்டும் அந்தப் பாக்கியம் இல்லை. ஜில்லா அத்தனை ஏழை.

சமநீதி என்று சொல்லித் தந்த அந்தச் சட்டத்தில் ஒரு முள்ளும் இருந்தது. நீதிமன்றங்களின் பாஷை ஆங்கிலமே. வெல்ஷ் பேசுகிறவர் ஆங்கிலமும் கையாளாவிடில் எந்த அரசாங்கப் பதவியும் வகிக்கலாகாது. ஊரெல்லாம் ஒரு பாஷை; கச்சேரி மட்டும் வேறு பாஷை. குற்றம் சாட்டப்பட்டவன் தன்னைக் குறித்து என்ன பேசுகிறார்கள் என்பதைத் துவிபாஷி வாயிலாகக் கேட்டறிய வேண்டும். தூக்குத் தண்டனையும் மொழிபெயர்ப்பில்தான் வந்து சேரும்.

இந்தக் காலத்தில் ஜில்லா நிர்வாகம் நீதிபரிபாலனக் கனவான்கள் கைக்கு மாறியது. இவர்கள் கௌரவ மாஜிஸ்திரேட்டுகள், சம்பளம் இல்லை, நிலமும் குலமும் உள்ளவர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். திருட்டு வழக்கும் விசாரிப்பார்கள். பாலம் செப்பனிடவும், சிறைச்சாலை நடத்தவும், வரி விதிக்கவும் உத்தரவு போடுவார்கள். வருஷத்துக்கு இருமுறை பெரிய நீதிபதிகள் சுற்றுப் பிரயாணமாக வந்து கடும் குற்றங்களை விசாரிப்பார்கள். ஹார்லெக்கின் பெருமை மங்கி, டொல்கெத்லி, பாலா என்னும் இரு சிற்றூர்களும் அந்தக் கௌரவத்தைப் பங்கிட்டுக் கொண்டன. 1543 முதல் 1830 வரை இந்த ஏற்பாடு நீடித்தது.

ஷெரிப் பதவி என்பது பட்டாடையும் பரிவாரமும் மட்டும் அன்று. மௌத்வி மலைகளில் ஒளிந்து வாழ்ந்த செந்தலைக் கொள்ளைக்காரரை அடக்கப் புறப்பட்ட ஷெரிப் லூயிஸ் ஓவென், அவர்களுள் பலரைத் தூக்கிலிட்டார். 1555-இல் மலைப் பாதையில் அவரை வழிமறித்து அவர்கள் கொன்றுவிட்டார்கள். தன் இளைய மகனையாவது விட்டுவிடும்படி ஒரு தாய் கெஞ்சினாள் என்றும், ஷெரிப் இணங்காமற் போகவே அவள் இட்ட சாபமே பலித்தது என்றும் இன்றும் அங்கே கதை சொல்லுகிறார்கள். கச்சேரிச் சட்டத்தை அந்த மலை ஜனங்கள் எந்தக் கண்ணோடு பார்த்தார்கள் என்பதற்கு அந்தச் சாபக் கதையே சாட்சி.

கச்சேரியிலிருந்து துரத்தப்பட்ட பாஷை எங்கே அடைக்கலம் புகுந்தது? ஜெபாலயத்திலும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியிலும். 1588-இல் பைபிள் முழுவதும் வெல்ஷில் அச்சாகியிருந்தது. 1800-இல் மேரி ஜோன்ஸ் என்னும் ஏழை நெசவாளி மகள், சேர்த்து வைத்த காசை முடிந்துகொண்டு, காடர் இட்ரிஸ் அடிவாரத்திலிருந்து பாலா வரை ஏறக்குறைய 25 மைல் நடந்தே சென்று, தாமஸ் சார்லஸ் என்னும் பாதிரியாரிடம் ஒரு வெல்ஷ் பைபிள் வாங்கினாள். நான்கு வருஷத்துக்குப்பின் லண்டனில் பெரிய பைபிள் சங்கம் ஒன்று ஏற்பட இந்த நடை ஒரு தூண்டுகோல் என்பார்கள். மதம் எதுவாயினும், தாய்மொழிப் புத்தகம் ஒன்றுக்காக ஒரு சிறுமி மலை தாண்டி நடந்தாள் என்பது நம் மனத்தைத் தொடுகிறது.

அந்த ஜனங்களைத்தான் 1847-இல் வேல்ஸின் கல்வி நிலையை ஆராய்ந்த ஆங்கிலக் கமிஷனர்கள் அறியாமையில் மூழ்கியவர்கள் என்று எழுதினார்கள்; அவர்கள் பாஷையே முன்னேற்றத்துக்குத் தடை என்று தீர்ப்பும் கூறினார்கள். பள்ளியில் வெல்ஷ் பேசிய குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. ஆசிரியத் தொழிலில் இருக்கும் எவருக்கும் இதைப் படிக்கையில் தலை குனியும்.

வோட்டும் வீடும்

1859-இல் பார்லிமெண்டுத் தேர்தல் வந்தது. அந்நாளில் வோட்டு இரகசியமன்று; எல்லோருக்கும் எதிரே பெயர் சொல்ல வேண்டும். மெரியனெத்தில் நிலச்சுவான்தார்களின் அபேட்சகர் சொற்ப வோட்டு வித்தியாசத்தில் வென்றார். அவருக்கு வோட்டளிக்காத குத்தகைதாரர் சிலர், வோட்டுக்குக் கூலியாகக் குடியிருந்த பண்ணையை இழந்தார்கள். பாலாவைச் சுற்றி அந்தப் புண் வெகுகாலம் ஆறவில்லை. 1872-இல்தான் இரகசிய வோட்டு முறை சட்டமாயிற்று.

இத்தகைய கொடுமையிலிருந்து தப்ப வழியென்ன? இரண்டு விடைகள் பாலாவிலிருந்தே புறப்பட்டன. முதலாவது, மைக்கேல் ஜோன்ஸ் என்னும் கல்லூரித் தலைவர் காட்டியது. நம் பாஷை ஆட்சி புரியும் ஒரு புதிய நாட்டைக் கடலுக்கு அப்பால் அமைப்போம் என்றார். 1865 மே மாதத்தில் லிவர்பூல் துறைமுகத்திலிருந்து "மிமோசா" என்னும் கப்பல் ஏறக்குறைய 150 பேரை ஏற்றிக்கொண்டு தென் அமெரிக்காவின் படகோனியாவுக்குப் புறப்பட்டது. அவர்கள் சந்ததியாரில் சிலர் இன்றும் அங்கே வெல்ஷ் பேசுகிறார்கள்.

இரண்டாவது விடை, அதே 1859-இல் பாலாவுக்கு அருகில் ஒரு குத்தகைக் குடியானவர் வீட்டில் பிறந்த டாம் எல்லிஸ் கூறியது. ஊரை விட்டுப் போவானேன்? ஊரை நாமே ஆள்வோம் என்றார் அவர். 1886-இல் மெரியனெத் ஜனங்கள் அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். 1890-இல் பாலாவில் பேசும்போது வேல்ஸுக்கெனத் தனிச் சட்டசபை வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். 1899-இல் நாற்பதாம் வயதிலேயே காலமானார். பாலாவின் பெரிய வீதியில் அவருடைய சிலை நிற்கிறது.

எண்பத்தைந்து வருஷம்

சட்டசபை வரவில்லை, ஜில்லாச் சபை வந்தது. 1888-ஆம் வருஷச் சட்டத்தின்படி 1889 ஜனவரியில் முதல் கவுண்டிக் கவுன்சில் தேர்தல் நடந்தது. வேல்ஸ் முழுவதிலும் ஒன்று நீங்கலாக எல்லாக் கவுண்டிகளிலும் லிபரல்கள் வெற்றி பெற்றார்கள். மெரியனெத்திலும் அவ்வாறே. தலைமுறை தலைமுறையாகக் கௌரவ மாஜிஸ்திரேட்டுகள் வீற்றிருந்த ஆசனங்களில் குடியானவரும் கடைக்காரரும் பாதிரிமாரும் வந்து அமர்ந்தார்கள். இரத்தம் சிந்தாமல் நடந்த புரட்சி என்று இதைச் சொல்வது மிகையாகாது. போலீஸ் அதிகாரத்தை மட்டும் முழுதும் விட்டுக்கொடுக்க மனமில்லை. கவுன்சிலரில் பாதி, மாஜிஸ்திரேட்டுகளில் பாதி சேர்ந்த கமிட்டியிடம் அது இருந்தது.

1894-இல் இதற்குக் கீழே நகர, கிராம வட்டாரச் சபைகள் ஏற்பட்டன. பாலா, டொல்கெத்லி, பார்மத், டவின், பெஸ்டினியோக் ஆகியவற்றுக்கு நகரச் சபைகள். சுற்றுப்புறக் கிராமங்களுக்குத் தனிச் சபைகள். தெருவிளக்கும் சாக்கடையும் குடிநீரும் இவர்கள் பொறுப்பு. பாதை, பாலம், பள்ளிக்கூடம் கவுண்டியின் பொறுப்பு.

கவுண்டிக் கவுன்சில் தோன்றிய அதே 1889-இல் வேல்ஸின் இடைநிலைக் கல்விக்குத் தனிச் சட்டம் நிறைவேறியது. அதற்காக உழைத்தவர்களில் எல்லிஸும் ஒருவர். கவுண்டிதோறும் கல்விக் கமிட்டி அமைத்து, ஸ்தல வரியும் ஸர்க்கார் மானியமும் சேர்த்து உயர்தரப் பள்ளிகள் திறந்தார்கள். சிலேட்டுச் சுரங்கத் தொழிலாளியின் மகன் சர்வகலாசாலைப் படி ஏறியது இந்தப் பள்ளிகளின் வாயிலாகத்தான். மெழுகுவத்தி வெளிச்சத்தில் மலையின் வயிற்றைக் குடைந்து அந்தத் தொழிலாளிகள் எடுத்த சிலேட்டு, 1836-இல் போட்ட சிறு ரெயில் பாதை வழியே மலைச் சரிவிலே தானாகவே உருண்டு துறைமுகம் சேர்ந்து, உலகத்தின் பல நகரங்களுக்குக் கூரையாயிற்று. பின்னாளில் சிலேட்டுக்குக் கிராக்கி குறைந்தது. இளைஞர்கள் வேலை தேடி வெளியேறினார்கள். 1971-இல் ஜனத்தொகை சுமார் 35,000-க்கு இறங்கிவிட்டது.

ஆனால் கவுன்சிலின் பொறுப்புகளோ ஏறிக்கொண்டே போயின. ஆரம்பக் கல்வி, ஏழைப் பராமரிப்பு, சுகாதாரம் ஒவ்வொன்றாக வந்தன. 1947-ஆம் வருஷச் சட்டப்படி நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று அனுமதி வழங்கும் அதிகாரமும் வந்தது. ஒருவர் ஒரு மாட்டுக் கொட்டகையை வீடாக்க விரும்பினாலும் கவுண்டியின் அனுமதி வேண்டும். வாசகர்கள் இந்தக் கடைசி அதிகாரத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

ஊர் மூழ்கிய கதை

பாலாவுக்கு வடமேற்கே டிரிவெரின் என்னும் ஆறு பாயும் பள்ளத்தாக்கில் காப்பெல் கெலின் என்று ஒரு சிற்றூர். ஜெபாலயம், மயானம், பள்ளிக்கூடம், தபாலாபீஸ், சில பண்ணை வீடுகள்: அவ்வளவே ஊர். எல்லோரும் வெல்ஷ் பேசினார்கள். 1955 டிசம்பரில் அவர்கள் ஒரு செய்தி அறிந்தார்கள். லிவர்பூல் நகரசபை அந்தப் பள்ளத்தாக்கின் குறுக்கே அணை கட்டித் தண்ணீர் தேக்க உத்தேசித்திருந்தது!

லிவர்பூலுக்குத் தண்ணீர் தேவை என்பதை எவரும் மறுக்கவில்லை. பெரிய நகரம், ஆலைகள், லட்சக்கணக்கான ஜனங்கள். அந்நகரத்துக்கு இது முதல் அனுபவமும் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பக்கத்துக் கவுண்டியான மாண்ட்கமரியில் லான்வத்தின் என்னும் ஊரை மூழ்கடித்து ஒரு நீர்த்தேக்கம் கட்டியிருந்தார்கள்.

மாட்டுக் கொட்டகைக்கு அனுமதி கேட்க வேண்டிய நாட்டில், ஊர் ஒன்றையே மூழ்கடிக்க யாரிடம் அனுமதி கேட்டார்கள்? மெரியனெத்திடம் கேட்கவில்லை. வேல்ஸின் எந்த ஸ்தல ஸ்தாபனத்திடமும் கேட்கவில்லை. நேரே லண்டன் பார்லிமெண்டில் தனி மசோதா ஒன்று கொண்டுவந்தார்கள். பார்லிமெண்டு நிறைவேற்றும் சட்டத்துக்கு முன் கவுண்டியின் அனுமதி அதிகாரம் செல்லாக்காசு. 1956 நவம்பரில் ஊரார், குழந்தை குட்டிகளோடு, லிவர்பூல் வீதிகளில் ஊர்வலமாகச் சென்று முறையிட்டார்கள். பலனில்லை. வேல்ஸின் பார்லிமெண்டு அங்கத்தினர் 36 பேரில் ஒருவர்கூட மசோதாவுக்கு ஆதரவாக வோட்டளிக்கவில்லை. ஆயினும் 1957 ஆகஸ்டில் அது சட்டமாயிற்று. ஒரு தேசத்தின் பிரதிநிதிகளில் ஒருவர்கூட ஆதரியாத காரியம் அந்தத் தேசத்திலேயே நடந்தேறியது! எண்ணிக்கையில் ஜனநாயகம் வென்றது. நியாயத்தில் வென்றதா என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும்.

பள்ளத்தாக்கில் 67 பேர் வாழ்ந்தார்கள். 48 பேர் வீடிழந்தார்கள். 12 வீடுகளும் பண்ணைகளும், சுமார் 800 ஏக்கர் நிலமும் நீருக்கு இரையாயின. பாலாவையும் பெஸ்டினியோக்கையும் இணைத்த ரெயில் பாதை மூடப்பட்டது. 1963-இல் பள்ளி கடைசி மணி அடித்தது. அதே வருஷம் செப்டம்பரில் ஜெபாலயத்தில் கடைசி ஆராதனை நடந்தது. மயானத்திலிருந்து சில உடல்களை உறவினர் வேறிடம் கொண்டு சென்றார்கள். மற்றவை நீருக்கடியிலேயே தங்கின. 1965 அக்டோபர் 21 அன்று திறப்பு விழா. பிரமுகர்கள் பேசத் தொடங்கியதும் நூற்றுக்கணக்கான தொண்டைகளிலிருந்து எதிர்ப்புக் குரல் எழுந்தது. விழா சில நிமிஷத்தில் முடிந்தது.

ஊர் மூழ்கியது, நினைவு மூழ்கவில்லை. தொலைவில், வேறொரு கவுண்டியில், சாலையோரத்துக் குட்டிச் சுவரில் "டிரிவெரினை மறவாதே" என்று எவரோ சாயத்தால் எழுதினார். இன்றளவும் வெல்ஷ்காரர்களுக்கு அந்தச் சுவர் ஒரு திருத்தலம். 1966-இல் வேல்ஸ் தேசியக் கட்சித் தலைவர் க்வின்வர் எவன்ஸ் பார்லிமெண்டுக்குச் சென்றார். அக்கட்சி பெற்ற முதல் ஸ்தானம் அது. 2005-இல் லிவர்பூல் நகரசபை பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. நாற்பது வருஷம் தாமதம். ஆயினும் தவறென்று ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மையை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை.

மறைவும் மறுபிறப்பும்

1972-ஆம் வருஷச் சட்டம் வேல்ஸின் பழைய கவுண்டிகளை எல்லாம் கலைத்தது. சிறியவை சிக்கனத்துக்கு உதவா என்பது வாதம். 1974 ஏப்ரல் 1 முதல் மெரியனெத்தின் பெரும் பகுதி ஆங்கிள்ஸீ, கார்நார்வன் ஆகியவற்றோடு சேர்ந்து க்வினெத் என்னும் புதிய கவுண்டியாயிற்று. க்ளிண்டூர் கொடியேற்றிய எடெர்னியனை மட்டும் துண்டித்து வேறொரு கவுண்டியில் சேர்த்தார்கள். 1996-இல் மறுபடியும் ஒரு மாற்றம்: ஆங்கிள்ஸீ பிரிந்தது. மிஞ்சிய சபைக்குச் சட்டம் இட்ட பெயரில் "மெரியனெத்" என்ற சொல்லும் இருந்தது. சபையோ உடனே க்வினெத் என்னும் பழம் பெயரைச் சூட்டிக்கொண்டது. லூவெலின் ஆண்ட ராஜ்யத்தின் பெயர் அது. எட்வர்டு அழித்த பெயர் எழுநூறு வருஷத்துக்குப்பின் நிர்வாகப் பலகையில் ஏறியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1536-இல் வெல்ஷ் மட்டும் பேசுகிறவனுக்குப் பதவி இல்லை என்றார்கள். அந்தப் பூட்டை 1942, 1967 சட்டங்கள் சிறிது சிறிதாகத் தளர்த்தின. இன்று க்வினெத் கவுன்சிலின் உள் அலுவல்கள் வெல்ஷ் பாஷையிலேயே நடக்கின்றன. கடிதமும் கோப்பும் தீர்மானமும் எல்லாம் அதில்தான். கச்சேரி வாசலில் நிற்க வைத்த பாஷை கச்சேரி ஆசனத்தில் அமர்ந்துவிட்டது.

டாம் எல்லிஸ் 1890-இல் கேட்ட சட்டசபை 1997-இல் நடந்த பொதுஜன வாக்கெடுப்பில் மயிரிழையில் வென்று, 1999-இல் கூடியது. அதன் முதல் சபாநாயகர் யார் தெரியுமா? மெரியனெத் கவுண்டி மறைவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1974 பிப்ரவரியில், அந்தத் தொகுதியின் அங்கத்தினராகப் பார்லிமெண்டுக்குச் சென்ற டாவித் எலிஸ் தாமஸ்தான்.

ஜாதகம் பார்த்தாயிற்று; பலன் என்ன? ஒரு ஜில்லாவின் எல்லையை யார் கிழித்தார் என்பது பெரிதன்று. பகைவன் கிழித்த கோட்டையும் ஜனங்கள் தமதாக்கிக் கொள்ளக்கூடும். அந்த எல்லைக்குள் எது எதை அவர்கள் தீர்மானிக்கலாம் என்பதே பெரிது. பாதையும் பள்ளியும் சாக்கடையும் உங்கள் பொறுப்பு, ஆனால் உங்கள் ஆறு யாருக்கு என்பதை நாங்கள் தீர்மானிப்போம் என்றால், அதற்குச் சுயாட்சி என்று பெயரிடலாகாது. அதே சமயம், கிடைத்த சிறிய அதிகாரத்தை அற்பமென்று மெரியனெத் ஒதுக்கிவிடவும் இல்லை. அந்த 85 வருஷப் பள்ளிக்கூடங்களிலும் கவுன்சில் மேஜையைச் சுற்றிலும் பழகிய பழக்கமே பின்னால் பெரியதைக் கேட்கும் துணிவைத் தந்தது. ஜில்லாவின் பெயர் சட்டத்திலிருந்து போயிற்று. டொல்கெத்லியில் அதன் பழைய தஸ்தாவேஜுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கெலின் நீர்த்தேக்கம் கோடையில் வற்றும்போது பழைய ஊரின் கற்கள் வெளியே தெரிவதும் உண்டு. ஏட்டில் எழுதியதும் கல்லில் நின்றதும் இரண்டுமே ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: இந்த மண்ணைப் பற்றித் தீர்மானிப்பவர் யார்?